அண்ணாச்சி பதில்கள்: நாக்கும் நூலும்

சென்ற இதழில் 'பேச்சும் ஒரு நெசவுதான்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்குத் தபால்பெட்டி நிறைந்துவிட்டது. தறி, பாய், கயிறு, கூடை, பூச்சரம் என்று கேள்விகள். எல்லாவற்றையும் ஒரே பாவில் ஏற்றிவிட்டேன். வாசகர்களே, வாருங்கள்.

கல்லூரி மாணவி, இலஞ்சி
கே: பேச்சும் நெசவு என்று எழுதியது அழகுக்காகவா, ஆதாரம் உண்டா?
ப: ஆதாரம் உங்கள் நாக்கிலேயே இருக்கிறது. இழையும் நூல், புத்தகமும் நூல். செய்யுளும் பா, தறியில் நீளவாக்கில் ஓடுவதும் பா. சேலை முனைக்கும் தலைப்பு, கட்டுரை உச்சிக்கும் தலைப்பு. ஊடையை நெருக்கி அடிக்கும் பல் வைத்த கருவி அச்சு, புத்தகம் வெளிவருவதும் அச்சில். இவற்றில் சில தற்செயல் என்று மொழியியலார் சொல்லக்கூடும். அப்படியானால் அந்தத் தற்செயல் நல்ல நெசவாளி.

டீக்கடைக்காரர், வடகரை
கே: நம்ம ஊருக்கும் நெசவுக்கும் என்ன சம்பந்தம் அண்ணாச்சி?
ப: ஊர்ப் பேரிலேயே கரை இருக்கே வே! ஆத்துக்கும் கரை, வேட்டிக்கும் கரை. தண்ணி சிதறாம அது பாத்துக்கிடும், இழை பிரியாம இது பாத்துக்கிடும்.

தமிழாசிரியர், பண்பொழி
கே: சொல்லைப் பஞ்சோடு ஒப்பிட்ட இலக்கணம் எது?
ப: நன்னூல். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதியது. பாயிரத்திலேயே கணக்குத் தீர்த்துவிடுகிறார்: சொல்தான் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கும் பெண், வாய் அவள் கை, அறிவு கதிர். இலக்கணம் படிக்க வந்த பிள்ளையை முதல் நாளே ராட்டை முன்னால் உட்காரவைத்த ஆசிரியர் அவர். கதிர் சுற்றாமல் கை மட்டும் ஆடினால் நூல் வராது. அறிவு சுற்றாமல் வாய் மட்டும் ஆடினால் என்ன வரும் என்பதைப் பொதுக்கூட்டங்களில் கேட்கலாம்.

தச்சர், அச்சன்புதூர்
கே: எங்கள் தொழிலிலும் நூல் உண்டு. அதை இலக்கணக்காரர் மறந்துவிட்டாரா?
ப: மறப்பாரா? உங்களையும் அதே பாயிரத்தில் சேர்த்திருக்கிறார். சாயத்தில் தோய்த்த நூலைப் பலகையின் இரு முனையிலும் அழுத்திப் பிடித்து, நடுவில் சுண்டி விடுகிறீர்கள். விழுகிற கோட்டில் மரத்தின் கோணல் தெரிந்துவிடும். மனசின் கோணலுக்கு அதே வேலையைப் புத்தகம் செய்கிறது என்கிறார் பவணந்தி. கோணல் பலகையை நீங்கள் இழைத்துவிடுவீர்கள். கோணல் மனிதரை நூலகத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்துங்கள்.

பள்ளி மாணவன், தென்காசி
கே: 'நெய்' என்றால் நெசவா, உருக்கிய வெண்ணெயா?
ப: கட்டளையாகச் சொன்னால் நெசவு. தோசைமேல் ஊற்றினால் வெண்ணெய். 'நெய்த தோசை' கேட்டால் தட்டில் இடியாப்பம் வரும்.

புத்தகக் கடை ஊழியர், பாளையங்கோட்டை
கே: 'பனுவல்' என்ற சொல்லுக்குப் புத்தகம் என்று பொருள். அதிலும் பஞ்சு உண்டா?
ப: பொதிப் பஞ்சே உண்டு. புறநானூற்றின் 125ஆம் பாட்டில், நூல் நூற்கும் பெண் பன்னி வைத்த மெல்லிய பஞ்சுக்குப் பெயர் பனுவல். எதற்கு உவமையாக வருகிறது தெரியுமா? நெருப்பில் வெந்து பதமான கொழுத்த கறித்துண்டுக்கு! பஞ்சு கறியாகி, கறி கவிதையாகி, கவிதை புத்தகமாகிவிட்டது. ஆகவே பனுவலை ருசித்துப் படிக்கவேண்டும் என்று சொல்வது நான் மட்டுமல்ல.

மருத்துவ மாணவர், திருநெல்வேலி
கே: அறுவை என்றால் எங்களுக்குச் சிகிச்சை. நண்பர்களுக்குச் சலிப்பூட்டும் பேச்சு. முதலில் எது?
ப: இரண்டும் இல்லை. முதலில் துணி! தறியிலிருந்து அறுத்து எடுப்பதால் அறுவை, துணிப்பதால் துணி, துண்டாக்குவதால் துண்டு. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று சங்கப்புலவர் ஒருவர் இருந்தார். ஜவுளி வியாபாரி. அவர் விற்ற அறுவையும் உங்கள் நண்பர் போடும் அறுவையும் ஒரு விஷயத்தில் ஒன்று: இரண்டையும் முழம் போட்டுத்தான் அளக்கவேண்டும்.

வழக்கறிஞர், செங்கோட்டை
கே: பொய் சொல்பவனை 'கயிறு திரிக்கிறான்' என்பது ஏன்?
ப: நாரை முறுக்கினால் கயிறு, நடந்ததை முறுக்கினால் பொய். 'திரித்துச் சொல்வது' என்பதும் அந்தப் பட்டறையில் பிறந்ததுதான். தொல்காப்பியர் சொற்களைப் பிரிக்கும்போது திரிசொல் என்று ஒரு வகையே வைத்திருக்கிறார். ஆனால் அது பொய்ச்சொல் இல்லை, செய்யுளுக்கென்று முறுக்கேறிய சொல். தேங்காய்நார்க் கயிறு ஒரு வண்டியை இழுக்கும். உங்கள் எதிர்க்கட்சிச் சாட்சி திரித்த கயிறு ஒரு குறுக்குக் கேள்வியைக்கூடத் தாங்காது. இழுத்துப் பாருங்கள்.

புது மாப்பிள்ளை, கடையநல்லூர்
கே: கல்யாணப் பாயில் எங்கள் இருவர் பெயரையும் நெய்து தருவார்களாமே?
ப: தருவார்கள். பத்தமடைக்குப் போங்கள், நம் பக்கத்து ஊர்தான். மணமக்கள் பெயரைக் கோரையிலேயே நெய்யும் கைகள் அங்கே இருக்கின்றன. பாய் நெசவில் எல்லாமே குறுக்கும் நெடுக்கும்தான், வளைவு கிடையாது. ஆகவே ட, ப, ம, ய சுகமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இ, ஐ, ஔ மூன்றும் படிப்படியாக ஏறி இறங்கி, நெய்பவரின் கண்ணைப் பிடுங்கும். ஜாதகப் பொருத்தம் பார்த்தவர்கள் கோரைப் பொருத்தமும் பார்த்திருக்கலாம்!

அவரே
கே: பெண்ணின் பெயர் 'இ'யில்தான் ஆரம்பம். என்ன செய்ய?
ப: பெயரை மாற்றாதீர்கள். கூலியைக் கூட்டிக் கொடுங்கள்.

இல்லத்தரசி, ஆய்க்குடி
கே: பத்தமடைப் பட்டுப்பாய் துணிபோல மடிகிறதே, எப்படி?
ப: பொறுமையால். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைப் பச்சையாக அறுத்துக் காயவைப்பார்கள். பிறகு ஓடும் தண்ணீரில் பல நாள் ஊறப்போடுவார்கள். உப்பியதும் மறுபடி காயவைத்து, கத்தியால் கீறிக் கீறி முடியிழைபோல ஆக்குவார்கள். சிவப்புக்குப் பதங்கக் கட்டைச் சாயம். பருத்தியோ பட்டோ பாவு, கோரை ஊடை. தரையோடு தரையாகத் தறி. குனிந்த முதுகு நிமிர நாள் கணக்காகும். புவிசார் குறியீடு பெற்ற பாய் இது. பேரம் பேசும்போது அந்த முதுகை ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள்.

யோகா பயிற்சியாளர், குற்றாலம்
கே: பத்தமடையின் வேறு பெருமை?
ப: ரிஷிகேசத்து சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்த ஊர். உலகத்துக்கு யோகாசனம் சொல்லிக் கொடுத்தவருக்குச் சொந்த ஊரிலேயே விரிப்பு தயார்.

பூ வியாபாரி, குற்றாலம் கோயில் வாசல்
கே: என் மகள் யாப்பிலக்கணம் கண்டு பயப்படுகிறாள். என்ன சொல்லட்டும்?
ப: உங்கள் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். யாத்தல் என்றால் கட்டுதல், தளை என்றால் பிணைப்பு, தொடை என்றால் தொடுப்பு. மோனையும் எதுகையும் தொடையின் வகைகள். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? நனைத்த வாழைநாரைக் கட்டைவிரலில் சுற்றி, இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம் வைத்து, சுண்டி ஒரு முடிச்சு. கண் சாலையில், வாய் பேரத்தில், சரம் மட்டும் நீண்டுகொண்டே போகிறது. இதைத்தான் பாடப்புத்தகம் பயமுறுத்திச் சொல்கிறது. ஒன்று மட்டும் மகளிடம் சொல்லிவையுங்கள்: நார் வெளியே தெரிந்தால் சரமும் கெட்டது, செய்யுளும் கெட்டது.

நாட்டுப்புறக் கலைஞர், மேலகரம்
கே: எங்கள் ஊர்க் கவிராயர் குறத்தியை நாயகிக்கு நிகராக நிறுத்தியது ஏன்?
ப: திரிகூடராசப்பக் கவிராயருக்கு ஆள் பார்க்கத் தெரியும். குறத்தியின் கை கூடை முடையும், வாய் குறி சொல்லும். கூடை முடைகிறவளுக்கு எந்த நாரை எங்கே வளைக்கவேண்டும் என்று தெரியும். எதிரே இருப்பவர் மனசை எந்தச் சொல்லில் வளைக்கவேண்டும் என்றும் தெரியும். குற்றாலக் குறவஞ்சியில் அவள் சொல்லுகிற மலைவளத்தைக் கேட்டால், அருவிக்கே தன் அழகு அன்றுதான் தெரிந்திருக்கும்.

ஓலைச்சுவடி ஆர்வலர், அம்பாசமுத்திரம்
கே: பழைய சுவடிகளில் புள்ளியே இல்லை. சோம்பலா?
ப: நார் செய்த வேலை. பனையோலையில் நரம்பு நீளவாக்கில் ஓடுகிறது. எழுத்தாணி முனையால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப் போகும். அதனால் எழுதியவர்கள் புள்ளியை விட்டார்கள், படித்தவர்கள் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். எகரமா ஏகாரமா என்ற குழப்பத்தை நீக்கி எழுத்தைச் சீர்செய்தவர், 18ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் வாழ்ந்த இத்தாலியர் வீரமாமுனிவர். ஓலையே நார்தான். துளையில் கோத்துச் சுவடியைக் கட்டுவதும் கயிறுதான். தமிழ் எழுத்தின் முகத்தில் ஒரு மரத்தின் நரம்பு ஓடுகிறது.

பரோட்டா ரசிகர், கடையம்
கே: பார்டர் பரோட்டாவுக்கும் சேலை பார்டருக்கும் உறவு உண்டா?
ப: உண்டு. பிரானூர் பார்டர் என்பது பழைய சென்னை மாகாணத்துக்கும் திருவிதாங்கூருக்கும் இடையே ஓடிய கரை. 1956இல் செங்கோட்டை இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. கரை அழிந்துவிட்டது, சால்னா நிலைத்துவிட்டது.

ஓய்வுபெற்ற நெசவாளி, புளியங்குடி
கே: நெசவாளிகளில் கவிஞர்கள் அதிகம் என்கிறார்களே, உண்மையா?
ப: திருவள்ளுவரை நெசவாளி என்று சொல்லும் மரபுக்கதை உண்டு. காசியில் கபீர் 15ஆம் நூற்றாண்டில் தறியோடு வாழ்ந்தவர். பெரியபுராணத்தில் நேச நாயனார், அஞ்செழுத்தை நினைத்தபடியே அடியார்களுக்குத் துணி நெய்தவர். காரணம் உங்களுக்கே தெரியுமே. குழித்தறியில் இறங்கினால் இரண்டு காலும் மிதிக்கவேண்டும், இரண்டு கையும் நாடாவோடு போராடவேண்டும். வாய் ஒன்றுதான் சும்மா இருக்கிறது. அது பாடிவிட்டது.

குடும்பத் தலைவி, வீரவநல்லூர்
கே: வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறோம். பிள்ளைகள் தமிழில் பதில் சொல்கிறார்கள். எங்கள் மொழி நிற்குமா?
ப: பட்டுநூலைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்த மொழி உங்களுடையது அம்மா. வடஇந்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது, மதுரையிலும் சேலத்திலும் கும்பகோணத்திலும் உங்கள் ஊரிலும் தறியோசைக்குள் வாழ்ந்தது. குஜராத்தின் லாட நாட்டிலிருந்து இடம்பெயர்ந்த பட்டு நெசவாளர் கூட்டம் ஒன்று சூரியன் கோயில் கட்டியதையும் கி.பி. 473இல் அதைப் புதுப்பித்ததையும் மந்தசோர் கல்வெட்டு சொல்கிறது. அவர்களை உங்கள் முன்னோராகக் கருதுவோர் உண்டு. உங்கள் சமூகத்தின் எம்.வி. வெங்கட்ராம் 'வேள்வித் தீ' நாவலில் நெசவாளர் வாழ்வை எழுதினார். 'காதுகள்' நாவலுக்கு 1993இல் சாகித்திய அகாதமி விருது வாங்கினார்.
ஆனால் விருது மொழியைக் காப்பாற்றாது, அடுப்படி காப்பாற்றும். இன்று இரவுச் சாப்பாட்டுக்கு 'சாதம்' என்று தமிழில் கேட்கிற பிள்ளைக்குச் சாதம் இல்லை என்று ஒரு சட்டம் போடுங்கள். பசி நல்ல வாத்தியார்.

சிங்கப்பூர் வாசகர் (பூர்வீகம் கடையநல்லூர்)
கே: எங்கள் தாத்தாமார் தறியை விட்டுக் கப்பல் ஏறியவர்கள். அந்தக் கதை ஊரில் யாருக்காவது நினைவிருக்கிறதா?
ப: இருக்கிறது தம்பி. கடையநல்லூர், தென்காசி நெசவுக் குடும்பங்கள் பிழைப்புக்காகச் சிங்கப்பூர் போனார்கள். ஆண்கள் மட்டும் போகவில்லை, பெண்டு பிள்ளைகளோடு போனார்கள். 1941இலேயே அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று சங்கம் கண்டார்கள். அதனால்தான் நம் வட்டாரப் பேச்சு அங்கே இன்னும் உப்புக் குறையாமல் இருக்கிறது. தறியை விட்டார்கள் என்று யார் சொன்னது? நாடாவைக் கடல்வழியே ஓட்டினார்கள், அவ்வளவுதான்.

வங்கி ஊழியர், தென்காசி
கே: எழுத்தே இல்லாமல் கயிற்றில் கணக்கு வைத்த தேசம் உண்டா?
ப: தென்னமெரிக்காவின் இன்கா அரசு. ஒரு தலைக்கயிறு, அதிலிருந்து தொங்கும் பல வண்ணக் கயிறுகள், ஒவ்வொன்றிலும் முடிச்சுகள். முடிச்சின் வகையும் இடமும் ஒன்று, பத்து, நூறு என்று எண்ணைச் சொல்லும். பெயர் கிப்பு. எண்களைப் படித்துவிட்டார்கள். கதைகளும் அதற்குள் முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றனவா என்று ஆய்வாளர்கள் இன்னும் விரல் விட்டுத் தேடுகிறார்கள். நம் பாட்டியின் முந்தானை முடிச்சில் இருந்தது எவ்வளவு என்பதை மட்டும் இன்றுவரை எந்த வங்கியும் கண்டுபிடிக்கவில்லை.

புதுமணப்பெண், சுரண்டை
கே: வாயைத் திறக்காமல் மாமியாருக்குப் பதில் சொல்ல வழி?
ப: கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனால் வழி உண்டு. அங்கே பெண்கள் கட்டும் கங்கா என்னும் துணியில் நாலு பக்கமும் கரை, நடுவில் சித்திரம், கீழே சுவாகிலி மொழியில் ஒரு பழமொழி. கோபம், காதல், பொறாமை, நன்றி எல்லாவற்றுக்கும் தனித்தனித் துணி. சொல்லவேண்டியதைக் கட்டிக்கொண்டு முற்றம் கூட்டினால் போதும். ஒரு எச்சரிக்கை: மாமியாரும் கடைக்குப் போவார்.

ஆய்வு மாணவி, சென்னை
கே: இந்தியாவில் எழுத்தையே நெய்த துணிகள் உண்டா?
ப: அசாமின் விருந்தாவனி வஸ்திரத்தில் கண்ணன் கதைச் சித்திரங்களோடு, சங்கரதேவர் நாடக வரிகளும் பட்டில் நெய்யப்பட்டிருக்கின்றன. ஒன்பது மீட்டருக்கு மேல் நீளம். இப்போது இலண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஒடிசாவின் நுவாபட்ணாவில் புரி ஜகந்நாதருக்காகக் கீத கோவிந்தத்தைப் பட்டில் நெய்கிறார்கள். அதில் இன்னொரு வித்தை: நெய்வதற்கு முன்பே நூலில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிவிடுவார்கள். எழுத்து நூலுக்குள் ஒளிந்திருக்கும், தறியில் ஏறியதும் கண் திறக்கும். ஒரு முடிச்சு இடம் மாறினால் பகவானுக்கே எழுத்துப்பிழை! பிழை திருத்துபவர் எவரும் அந்த வேலைக்கு வரமாட்டார்.

மென்பொருள் பொறியாளர், பெங்களூர் (சொந்த ஊர் சாம்பவர்வடகரை)
கே: எங்கள் துறைக்கும் தறிக்கும் ஏதாவது?
ப: ஏதாவதா? உங்கள் துறைக்கே தாய்வீடு தறிதான். 1804இல் பிரான்சில் ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளால் தறியை ஓட்டினார். துளை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் படுக்கும். அதாவது ஒன்று, சுழி. அந்த அட்டையைப் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். 1843இல் அதற்கு விளக்கம் எழுதிய ஏடா லவ்லேஸ் அம்மையாரும் நெசவைத்தான் உவமை காட்டினார். காஞ்சிபுரத்துத் தறிமேல் இன்றும் ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. அடுத்த தடவை பட்டு வாங்கும்போது நெசவாளியை 'சீனியர்' என்று கூப்பிடுங்கள்.

வனத்துறை ஊழியர், ஊட்டி
கே: எழுத்தில்லாத மொழி, கலையில் என்ன சாதிக்கும்?
ப: உங்கள் ஊரிலேயே தோடர்கள் இருக்கிறார்கள், எங்களிடம் கேட்கிறீர்களே! அவர்கள் மொழிக்குத் தனி எழுத்து கிடையாது. ஆனால் பாட்டுக்குப் பஞ்சம் இல்லை. எமனோ என்ற மொழியியலாளர் அவற்றைக் கேட்டு எழுதித் தொகுத்து 1971இல் பெரும் புத்தகமாக்கினார். அந்தப் பெண்களின் பூத்தையலைப் பாருங்கள். படம் வரைந்துகொள்வதில்லை, துணியின் இழையை எண்ணி எண்ணி, சிவப்பிலும் கறுப்பிலும் தைக்கிறார்கள். எண்ணத் தெரிந்த விரல் எழுதத் தெரிந்த விரலுக்கு எந்த வகையில் குறைச்சல்?

ஓவியக் கல்லூரி மாணவர், கும்பகோணம்
கே: 'ஃபைபர் ஆர்ட்' நமக்குப் புதுசா?
ப: பெயர் புதுசு. ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் நெசவு கற்ற ஆனி ஆல்பர்ஸ் 1936இல் ஒரு தொங்குதுணி நெய்து 'பழைய எழுத்து' என்று பெயர் வைத்தார். அதில் ஒரு எழுத்தும் கிடையாது, ஆனால் படிக்கத் தோன்றும். நம் மிருணாளினி முகர்ஜி (1949–2015) சணற்கயிற்றை முடிந்து முடிந்து ஆளுயரத் தெய்வங்களை எழுப்பினார். பழந்தமிழில் 'கலை' என்றால் சேலை என்றும் பொருள் உண்டு. ஆக, நமக்குக் கலை என்று சொன்னாலே போதும், நார் உள்ளேயே இருக்கிறது.

எழுத்தாளர், நாகர்கோவில்
கே: பேச்சைத் தடுத்தால் நூல் பேசுமா?
ப: பேசியிருக்கிறது. கிரேக்கக் கதையில் ஃபிலோமெலாவின் நாக்கை அறுத்தான் அவளைக் கெடுத்தவன். அவள் நடந்ததைத் துணியில் நெய்து அக்காளுக்கு அனுப்பினாள். சிலி நாட்டில் 1973க்குப் பின் பினோசெட் ஆட்சியில் ஆட்கள் காணாமல் போனார்கள். அவர்களுடைய தாயும் மனைவியும் கோணிச்சாக்கின்மேல் பழைய துணித்துண்டுகளைப் படங்களாகத் தைத்து, நடந்ததை உலகத்துக்குச் சொன்னார்கள். சில படங்களில் காணாமல் போனவரின் சட்டைத்துணியே சேர்ந்திருந்தது. செய்தித்தாளைத் தணிக்கை செய்யலாம். ஊசிக்குத் தணிக்கை அதிகாரி இன்னும் பிறக்கவில்லை.

ஒரு தாய், செங்கோட்டை
கே: என் எட்டு வயது மகனுக்குத் திக்குகிறது. பள்ளியில் கேலி செய்கிறார்கள். அவன் பேசுவதையே நிறுத்திவிட்டான்.
ப: தாயி, இதற்கு நான் விளையாட்டாகப் பதில் சொல்லப்போவதில்லை. தறியில் இழை அறுந்தால் நெசவாளி தறியைத் திட்டமாட்டார். நிறுத்துவார். அறுந்த முனையைத் தேடி எடுப்பார். எச்சில் தொட்டு முறுக்கி முடிவார். பிறகு ஓட்டுவார். நெய்து முடித்த துணியில் அந்த முடிச்சை யாரும் கேலி செய்வதில்லை.
மகன் திக்கும்போது வார்த்தையை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். 'மெதுவாப் பேசு' என்றும் சொல்லாதீர்கள். அவன் முகத்தைப் பார்த்து, முடிக்கும்வரை காத்திருங்கள். நீங்களே நிதானமாகப் பேசுங்கள். பேச்சுப் பயிற்சி தரும் நிபுணரிடம் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். வகுப்பாசிரியரைப் பார்த்து, கேலியை நிறுத்தச் சொல்லுங்கள். அக்டோபர் 22 உலகத் திக்குவாய் விழிப்புணர்வு நாள். அவனைப்போல எத்தனையோ பேர் உலகம் முழுக்க இருப்பதால்தான் அந்த நாளே இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லுங்கள். அவன் சொல்ல வருவதைக் கேட்க நான் காத்திருக்கிறேன் என்றும் சொல்லுங்கள்.

தரகர், பாவூர்சத்திரம்
கே: பெண் வீட்டார் நூல் விட்டுப் பார்க்கிறார்கள். என்ன செய்யலாம்?
ப: மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் கொஞ்சம் விடுங்கள். ரெண்டு பேரும் இழுத்தால்தான் அறும்.

ஜவுளிக்கடைச் சிப்பந்தி, சங்கரன்கோவில்
கே: கைத்தறி குறைந்துகொண்டே போகிறது. தறி போனால் அதோடு சொல்லும் போய்விடுமா?
ப: போய்விடும். இதற்கு இரண்டாவது பதில் கிடையாது. பாவு, ஊடை, தார், நாடா, விழுது, அச்சு, ராட்டை, சிட்டம், படைமரம், குழித்தறி. இந்தப் பத்துச் சொல்லையும் உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். நாடாவைக் கால்சட்டையில் தேடுவான், தாரை வாழைமரத்தில் தேடுவான், விழுதை ஆலமரத்தில் தேடுவான். சொல் இருக்கிறது, அது சுட்டிய பொருள் அவன் கண்ணில் படவே இல்லை. அகராதி சொல்லை வைத்துக்கொள்ளும். அதன் ஓசையை வைத்துக்கொள்ள ஆள் வேண்டும்.
1905ஆம் ஆண்டுச் சுதேசி இயக்கத்தின் நினைவாக, ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள் என்று 2015 முதல் கொண்டாடுகிறோம். அந்த ஒரு நாள் போதாது.

கடைசியாக, வாசகர் எல்லோருக்கும்
இந்த முறை கேள்வி என்னுடையது. உங்கள் ஊரில் இன்னும் ஓடுகிற தறி எது? பாய் நெய்கிற வீடு எது? கூடை முடைகிற கை யாருடையது? இந்த மாதத்துக்குள் ஒரு நாள் அங்கே போய் அரைமணி நேரம் உட்காருங்கள். அவர்கள் வாயில் வருகிற தொழிற்சொற்கள் பத்தை, அவர்கள் உச்சரிக்கிறபடியே ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். வந்ததை எல்லாம் இந்தப் பக்கத்தில் ஊர்ப் பெயரோடு போடுகிறேன். திரும்பி வரும்போது அவர்கள் நெய்ததில் ஒன்றை, பேரம் பேசாமல், காசு கொடுத்து வாங்கி வாருங்கள்.